நட்சத்திரக் குறிக்குக் கீழே

இம்மானுவேல் அண்ணனைப் பற்றிக் கேட்டால், கம்பெனி கேட்டில் போன் திருடினவன் என்றுதான் இப்போது சொல்கிறார்கள். வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஜனங்கள். அவர் ஒரு போனையும் திருடவில்லை. அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காருக்கு ஒயர் செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் செக்யூரிட்டி. அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய அப்பாவும் அம்மாவும் இதே பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் இரும்பு மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்து, இடது கையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கு வந்தவர். எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். முந்நூறு போன் எங்கள் மேஜைத் தட்டுகளில் எட்டு மணி நேரம் கிடக்கும். ஒரே வீட்டிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தால் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளாது, உள்ளே ஓடிப்போய்ச் சொல்வார். உள்ளே வேலை பார்க்கும் திலகவதியின் மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்ட அன்று, அவளை வெளியே கூட்டி வந்து ஆட்டோ பிடித்து அனுப்பியவர் அவர்தான்.

ஆன்லைனில் மளிகை வாங்குகிற பெண்களெல்லாம் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். ஒன்பதாவது படித்தவர்தான், ஆனால் லாரி பேப்பர்களைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் பழகிவிட்டார். கேஷ்பேக் என்று பெரிதாகப் போட்டிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவர் அதன் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியைப் பிடித்துக்கொண்டு, அடியில் உள்ள பொடி எழுத்துக்குப் போவார்.

"நூறு ரூபா தரேன்னு போட்டுகிறான். ஆனா ஆயிரத்துக்கு மேல வாங்கணுமாம், அரிசி அதுல சேராதாம். அந்த நூறும் அவன்கிட்டயே திரும்ப வாங்கதான் செல்லுமாம், அதுவும் பத்து நாளுக்குள்ள. பேசாம கடையில வாங்கிக்கம்மா" என்பார். எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார்.

போன வருஷம் ஒரு ஆப்பில், புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஆர்டரில் நூற்றைம்பது ரூபாய் கேஷ்பேக் என்று வந்தது. பணம் கட்டின கணக்குக்கே திரும்பி வரும். ஒரு நம்பருக்கு ஒரு முறைதான். அண்ணனின் மகள் அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள், வீட்டில் செலவு கழுத்தைப் பிடித்தது. தன் நம்பரில் வாங்கினார், மனைவி நம்பரில் வாங்கினார், கேட்டுவிட்டு என் நம்பரிலும் வாங்கினார். பிறகு நம்பர் தீர்ந்துபோனது. மேஜையில் முந்நூறு நம்பர் கிடந்தது.

டோக்கன் நோட்டில் எல்லார் நம்பரும் இருக்கும். அதில் ஒன்றைத் தன் போனில் அந்த ஆப்பில் போட்டால், ஓடிபி தட்டில் கிடக்கும் போனின் பூட்டிய திரையிலேயே வந்து நிற்கும். பார்த்து அடித்தால் முடிந்தது. இப்படிப் பதினோரு ஆர்டர் போட்டார்.

"யாருக்கு இன்னா நஷ்டம் அன்பு? ஆப்புக்காரன் குடுக்குறான், நாம வாங்குறோம்" என்றார்.

நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் ஏழாவது வரியில் இருந்தது. அவர் படித்தார். நானும் படித்தேன். இரண்டு பேரும் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. அந்த வாரம் என் வீட்டுக்கும் இரண்டு லிட்டர் எண்ணெய் வந்தது. வேண்டாம் என்று சொல்ல என் வாய்க்கு என்ன கேடு? சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடிந்து போனை வாங்கிய திலகவதி போகாமல் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. மகள் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாளாம். மளிகை வாங்கினால் கேஷ்பேக் இல்லை என்றதாம், இந்த நம்பரில் முன்பே ஒரு ஆர்டர் இருந்ததாம். எண்ணெய், சோப்பு, கைக்குழந்தைக்கு டயப்பர். சாமானைப் படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள், அது போன ஊரை ரயில்வே போர்டில் பார்த்துப் பழகிய எழுத்தை வைத்து.

"பொண்ண வுட்டா என் போன தொடுறது எங்கூட்டுக்காரரு ஒருத்தருதாண்ணே. கவரப்பேட்டைல இன்னொரு குடும்பம் வெச்சிகினு புள்ளையும் பெத்துகினு, ஒண்ணுமே தெரியாதுன்னு சத்தியம் பண்றாரு. நேத்தே ஊட்ட வுட்டு வெளிய போவ சொல்ட்டேன். தெரு பேரு இங்கிலீஷ்ல கீது. பொண்ணுகிட்ட இத படிக்கச் சொல்ல முடியுமா? நீங்க படிங்க. நாளைக்கு எந்தம்பிய இட்டுகினு அந்த ஊட்டுக்குப் போறேன்."

அண்ணன் போனை வாங்கினார். "மாதா கோயில் தெரு" என்றார். அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

"கதவு நம்பரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கேட்டுப் பக்கம் பார்த்தேன்.

"நாப்பத்தி மூணு. அது என் ஊடும்மா" என்றார். "டயப்பரு எம்பேரனுக்கு. உம்போன்ல வந்த ஓடிபிய நாந்தான் எடுத்தேன், அந்த நூத்தம்பது ரூபாய்க்கு. உங்கூட்டுக்காரரு மேல ஒரு தப்பும் இல்ல."

செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் தேவலை. அவள் அழக்கூட இல்லை.

"அப்போ அவருக்கு நான் இன்னாண்ணே சொல்றது? பேசக்கூடாததெல்லாம் பேசிட்டனே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

இம்மானுவேல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவர் திலகவதியின் கணவனைத் தேடிப்போய், அவன் போய்த் தங்கியிருந்த வீட்டு வாசலில் எல்லார் முன்னாலும் கைகூப்பி நின்றாராம். அந்த மனிதன் வீடு திரும்பிவிட்டான். திங்கட்கிழமை ஆபீசில் பதினோரு நம்பரையும் தானே எழுதிக் கொடுத்தார். அதில் என் எண்ணெயைப் பற்றி ஒரு வரி இல்லை. மத்தியானத்துக்குள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் இன்னும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

இப்போது எல்லாரும் போனை அணைத்துவிட்டுத்தான் தட்டில் வைக்கிறார்கள். மணியடிப்பது இல்லை, வெளிச்சம் இல்லை. திலகவதி மட்டும் இன்று காலை அணைக்காமல் என் கையில் கொடுத்தாள்.

"பொண்ணுக்குக் காய்ச்சல்ணே. கால் வந்தா வந்து சொல்லுங்க. உங்கள நம்பிதான் ஆன்ல வெச்சிட்டுப் போறேன்."

"சரிம்மா" என்று டோக்கனை எடுத்துக் கொடுத்தேன்.