அப்பா காவலுக்கு உட்கார்ந்த மதியம்

பகலில் சத்தம் போட எங்கள் வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. செங்கல்பட்டு போலீஸ் குவார்ட்டர்ஸில் பாதி வீடுகள் அப்படித்தான். அப்பாமார்கள் நைட் டியூட்டி முடித்து வந்து தூங்குவார்கள். பிள்ளைகள் டிவியில் சத்தமில்லாமல் கார்ட்டூன் பார்ப்போம். அந்தப் பொம்மைகள் அப்படி என்னதான் பேசிக்கொண்டன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வாரம் அப்பாவுக்கு மாமல்லபுரம் கடற்கரையில் டியூட்டி. பகல், இரவு, மறுபடி பகல் என்று மாற்றி மாற்றிப் போட்டதில் அவருக்குத் தூக்கமே அற்றுப்போயிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் கூப்பிட்டால் வெகுநேரம் கழித்துத் திரும்புவார். அப்போதும் என்னைப் பார்த்த மாதிரி இருக்காது.

அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அலை அடிச்சிகினு போன பொண்ணு கரை ஒதுங்கிச்சாம்க்கா. நம்ம பாப்பா வயசுதான். விடியிற வரைக்கும் பாடிக்கு இவரத்தான் காவலு வச்சிகீறாங்க. லீவு கேட்டா, பந்தோபஸ்து கீது, அப்புறம் பாக்கலாம்னுட்டாங்களாம்."

என் வயதுப் பெண்ணை அப்பா பத்திரமாகப் பார்த்துக்கொண்டார் என்பதில் எனக்குப் பெருமைதான்.

மறுநாள் மதியம் பாயில் தூங்கி விழித்தபோது என் முகத்தை மூடி வேட்டி போர்த்தியிருந்தது. துணி வழியே மங்கலாகத் தெரிந்தது. என் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அப்பா, பனியனும் கைலியுமாக, தலையில் மட்டும் தொப்பி, கையில் லத்தி.

"கூட்டம் போடாதீங்க. தள்ளிப் போங்க," என்றார்.

அறையில் வேறு யாரும் இல்லை. யாரிடம் சொல்கிறார் என்று கண்ணை உருட்டித் தேடினேன். அப்புறம்தான், அட, அப்பா விளையாடுகிறார் என்று தோன்றியது. என்னோடு விளையாடி எத்தனை நாளாயிற்று! சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

குழாயடியிலிருந்து அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள். அப்பா லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"கிட்ட வராதம்மா. நீ யாரு, சொந்தமா? ஐயா வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

குடம் கீழே விழுந்து உருண்டது.

"என்னங்க, அது நம்ம பாப்பாங்க. தூங்கிகினு கீதுங்க. வேணும்னா மூச்சு வருதான்னு பாருங்க," என்று அம்மா கெஞ்சினாள்.

அப்பா குனிந்தார். துணியை மெல்ல விலக்கி என் மூக்கருகே விரலை வைத்தார்.

இத்தனை நாள் கழித்து விளையாட வந்தவரை ஏமாற்றக் கூடாதே என்று, நான் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.