எழுதுகிற விலை, வாங்குகிற விலை

ஊரில் உள்ள கடைகளில் எல்லாம் விலை கேட்டுவிட்டு எதையும் வாங்காமல் திரும்பி வருவதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கொடுத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் எனக்கு விலை எடுக்கிற வேலை. வாரம் ஒரு நாள் குறித்த கடைகளுக்குப் போய், குறித்த சரக்கின் விலையைக் கேட்டுப் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். இப்படிப் பல ஊர்களிலிருந்து போகிற விலைகளைக் கூட்டிக் கழித்து மேலே ஒரு புள்ளி கண்டுபிடிப்பார்கள். புள்ளி ஏறினால் மில் தொழிலாளிகளுக்குப் பஞ்சப்படி ஏறும். ஏறாவிட்டால் ஏறாது.

இதில் எனக்கு ஒரு சங்கடம். நான் தங்கிச் சாப்பிட்டது அக்கா வீட்டில். அத்தானுக்குப் பஞ்சாலையில் வேலை. அதாவது, நான் எழுதி அனுப்புகிற விலையை நம்பித்தான் எனக்குச் சோறு போடுகிற வீட்டில் உலை கொதித்தது. மாதா மாதம் சம்பள நாளில் அத்தான் என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தக் காலத்தில் ரேஷன் கடை வரிசையில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சியின் சந்தேகம்

என் பட்டியலில் முதல் கடை ஓர் அரிசிக் கடை. கடைக்கார அண்ணாச்சி உடன்குடிப் பக்கம். கருப்பட்டி வியாபாரத்தில் தொடங்கி அரிசிக்கு வந்தவர். முதல் நாள் போய், "அரிசி என்ன வெலை அண்ணாச்சி?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த முருகனையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பலகையில் எழுதியிருந்த கட்டுப்பாட்டு விலையை அப்படியே ஒப்பித்தார். வேலை இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு படி இறங்கினேன்.

எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் அதே மூட்டையிலிருந்து அதே அரிசியை வாங்கினாள். அவள் கொடுத்தது நான் எழுதியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. திரும்பிப் போய், "என்ன அண்ணாச்சி, எனக்கு ஒரு வெலை, அவங்களுக்கு ஒரு வெலையா?" என்றேன். மனிதர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, வெலை எழுதுறதுக்கா, வாங்குறதுக்கா? அதை மொதல்லயே சொல்லிட்டியன்னா உங்களுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் தொல்லை இல்ல."

கூறு

மீன் விலையைக் கிலோக் கணக்கில் எழுதச் சொல்லும் படிவம். எங்கள் ஊர்ச் சந்தையில் சாளை மீனைச் சிறு சிறு குவியலாகக் கூறு போட்டுத்தான் விற்பார்கள். நான் போகிற மீன்காரம்மா எப்போது கேட்டாலும் கூறு ஒரு ரூபாய் என்பாள். பரவாயில்லையே, ஊரில் ஒரு பொருளாவது அடங்கி இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக எழுதிவந்தேன். ஒரு நாள் அக்கா வாங்கிவந்த கூறைப் பார்த்துவிட்டு, பூனைக்குப் போடவா வாங்கி வந்தாய் என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். விலை அப்படியேதான் இருந்தது. கூறுதான் மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. நல்ல மீனும் இறாலும் ஐஸ் கம்பெனி லாரியில் ஏறி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

மறு வாரம் ஒரு கைத்தராசு இரவல் வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போய், ஒரு கூறை எடுத்து நிறுக்கப் பார்த்தேன். சுற்றி இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். மீன்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து மீனைப் பிடுங்கி ஓலைப்பாயில் வீசிவிட்டுக் கத்தினாள்: "ஏலே, நான் வெலைய ஏத்தினனா? மீனு வாரது கொறைஞ்சு போச்சுன்னா கடலுக்குள்ள போயி மாதாகிட்டக் கேளு, எங்கிட்ட என்னத்துக்குத் தராசத் தூக்கிட்டு வார?"

ஒரே ஓட்டம்

முகச் சவரமும் என் படிவத்தில் உண்டு. சவரக் கடையில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டு விலை கேட்பேன். அந்த ஒன்றில் மட்டும்தான் நான் கௌரவமான வாடிக்கையாளன். முன்பெல்லாம் இரண்டு தடவை சோப்பு, இரண்டு தடவை கத்தி, அப்புறம் படிகாரம், கடைசியில் பவுடர். அந்த வருஷம் ஒரு நாள் கத்தி ஒரே ஓட்டம் ஓடியது, கடைக்காரர் துண்டை உதறிவிட்டார். தடவிப் பார்த்தால் பாதித் தாடி அப்படியே நிற்கிறது. விலை ஏறவில்லை என்று எழுதுவதா, பாதிச் சவரம் என்று எழுதுவதா? படிவத்தில் பாதிச் சவரத்துக்கு இடம் கிடையாது. நான் கண்ணாடியில் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார்: "துட்ட ஏத்தினா ஆளு நிக்காது சார், சோப்பக் கொறைச்சா தாடிதான நிக்கும்."

இல்லாத சரக்கு

அந்த வருஷங்களில் எங்கள் ஊர் வளர்ந்துகொண்டிருந்தது. புதுத் துறைமுகத்துக்குக் கல்லும் சிமெண்டும் இரும்பும் ஏற்றிய லாரிகள் ஊருக்குப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டையைத் தாண்டி வரிசையாக வரும். அரிசி லாரி மட்டும் வராது. ஒரு மாவட்டத்து அரிசி இன்னொரு மாவட்டத்துக்குப் போகக்கூடாது என்று தடை இருந்த நேரம். அண்ணாச்சி கடையில் மூட்டைகள் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டன. நான் போனால், "சரக்கு இல்ல தம்பி" என்பார். நான் தெருமுனை திரும்பியதும் சரக்கு வந்துவிடும்.

சரக்கு இல்லையென்றால் என்ன எழுதுவது என்பதற்கு எங்களுக்கு ஒரு விதி இருந்தது: போன தடவை எழுதிய விலையையே திரும்ப எழுது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறதல்லவா? இதன் அர்த்தம் என்னவென்றால், அரிசி கடையை விட்டு ஓடிப்போன மாதங்களில் எல்லாம் என் படிவத்தில் அரிசி விலை ஆடாமல் அசையாமல் நின்றது. புள்ளி நின்றது. பஞ்சப்படி நின்றது. எங்கள் வீட்டில் மத்தியானத்துக்கு மரவள்ளிக்கிழங்கு வந்தது. அப்போது அக்கா மாசமாக இருந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை, நன்றாகச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா கண்டித்து அனுப்பியிருந்தார். அக்கா எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் அப்போதே சாப்பிட்டாயிற்று என்பாள். ஒரு நாள் பானையைத் திறந்து பார்த்தேன். கழுவிக் கவிழ்த்தது போல இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் பிள்ளைப்பேற்றை அவள் தாங்குவாளா என்ற பயம்.

திருநெல்வேலியில் இருந்த எங்கள் ஆபீசரிடம் போய் நின்றேன். அரிசி இருக்கிறது, கூடுதல் விலைக்கு விற்கிறது, விலை சொல்லத்தான் மாட்டேன் என்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "கடைக்காரர் வாயால சொல்லணும், அந்த விலைக்கு வித்ததை நீர் கண்ணால பார்க்கணும். ரெண்டும் இல்லைன்னா போன தடவை விலைதான். கிடைக்காத பொருளுக்கு ஏதுய்யா விலை?"

ஸ்டூல்

அண்ணாச்சியிடம் கெஞ்சியும் பார்த்தேன். அவருக்கும் பயம். கூடுதல் விலையை வாயால் சொன்னால் சோதனை வரும், மூட்டையை அள்ளிக்கொண்டு போவார்கள், ஆளையும் பிடித்துப் போடுவார்கள். மொத்த வியாபாரி கட்டுப்பாட்டு விலைக்கு ரசீது போட்டு, மீதியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் அவருக்கே சரக்கு தருகிறான். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. நான் வீட்டில் வந்து இதையெல்லாம் அத்தானிடம் புலம்பினேன். அக்கா அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் நான் படிவத்தோடு கடையில் நிற்கும்போது அக்கா வந்தாள். நிறைமாத வயிறு, கையில் பை. என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, அரிசி என்ன வெலை?" என்றாள். அண்ணாச்சியின் முகம் வெளிறிவிட்டது. அவர் மாட்டிக்கொண்டது எனக்கே அப்போதுதான் உறைத்தது. பலகை விலையைச் சொன்னால் அந்த விலைக்கே அவளுக்குக் கொடுக்க வேண்டும், அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும். வாங்குகிற விலையைச் சொன்னால் நான் எழுதிவிடுவேன். "ஏளா, இந்தத் தம்பி போன பொறவு வா" என்றார். "அவுக போற வரைக்கும் நிக்கேன். நிக்க முடியல, ஒரு ஸ்டூல் போடுங்க" என்றாள் அக்கா. ஸ்டூல் வந்தது. உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கூட்டம் சேர்ந்தது. புள்ளைத்தாச்சியை என்னத்துக்கு உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு குரல் வந்தது. அரிசி இல்லையென்று சொல்லவும் வழியில்லை. அன்று காலையில் அங்கே அரிசி வாங்கிப்போன ஒருத்தி மறுபடி கருப்பட்டிக்கு வந்து நின்றாள்.

அக்கா மயக்கம் போட்டு விழுந்துவிடுவாளோ, அண்ணாச்சி கடையை இழுத்துச் சாத்திவிடுவாரோ, யாராவது போய்ச் சோதனைக்காரர்களைக் கூட்டி வந்துவிடுவார்களோ என்று மூன்று பக்கமும் பயம். கடைசியில் அண்ணாச்சி உள்ளே போய் ஒரு கிலோ அரிசியோடு வந்தார். அக்கா பையை விரித்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கிலோ மூணேகால் ரூவா. எழுதும்வே, எழுதித் தொலையும்! நாளைக்கு என்னைய ஜெயில்ல போட்டா, எம் புள்ளைகளுக்கு நீருதான் வந்து அரிசி போடணும்."

ஆபீசர் வீட்டு அரிசி

அந்த விலையை எழுதி அனுப்பிய கையோடு ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். பல மாதமாக நின்ற இடத்திலேயே நின்ற விலை ஒரே தாவாகத் தாவியிருக்கிறதே, மேலே கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். விலை தாவவில்லை சார், மெல்ல மெல்லத்தான் ஏறியது, நாம்தான் பார்க்காமல் இருந்தோம் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வேலை தற்காலிக வேலை. அவர் ஒரு வார்த்தை எழுதினால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அண்ணாச்சியை யாரும் தொட்டுவிடக் கூடாதே என்பது இன்னொரு கவலை.

அவர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு, யாரோடோ கோபித்துக்கொள்வது போல முணுமுணுத்தார்: "எங்க வீட்டுலயும் இந்த விலைக்குத்தானே வாங்கறோம். அதைப் போய் எங்கேயாவது எழுதிட்டா இருக்கேன்?"

ஒரு வாரப் பால்

பிள்ளை பிறந்தது. பெண். கையில் எடுத்தால் கனமே தெரியாது. அக்கா பிழைத்துக்கொண்டாள், ஆனால் அவளுக்குப் பால் சுரக்கவில்லை. விலைக்குப் பால் வாங்க வேண்டும். அத்தான் இரண்டு ஷிப்ட் பார்த்தும் பாதிப் பால்தான் வாங்க முடிந்தது. மீதிக்குச் சர்க்கரைத் தண்ணீர். பிள்ளை அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும். புள்ளி ஏறிவிட்டது, பஞ்சப்படி வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நான் தினமும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. காகிதம் மேலே போய்க் கீழே வருவதற்குள் இந்தப் பிள்ளை இருக்குமா என்று கோவில் வாசலில் நின்று அழுதிருக்கிறேன்.

வந்தது. அத்தான் கூடுதல் பஞ்சப்படியை அப்படியே அக்கா கையில் கொடுத்தார். பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் வாங்கினார்கள். அது முதல் தடவையாக வீடு அதிர அழுதது. அழுகையைக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அடுத்த வாரம் நான் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவரை யாரும் பிடித்துப் போகவில்லை. முன்னைவிடத் தெளிவாக இருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே, "எழுதுங்க தம்பி, இன்னைக்கு மூணே முக்கால்" என்றார். எதற்காக ஏறியது என்றேன். மில்லில் பஞ்சப்படி கூடிவிட்டது, லாரிக்காரனிலிருந்து மொத்த வியாபாரி வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, இனிமேல் பழைய விலைக்கு யார் கொடுப்பார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பால்காரரும் அந்த வாரமே விலையைக் கூட்டியிருந்தார்.

வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என்னால்தானே எல்லாம் என்று வாய்விட்டே சொன்னேன். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போலே, நடுவுல ஒரு வாரம் எம்புள்ளைக்கு முழுசாப் பால் வாங்கிக் குடுத்தம்லா? அந்த ஒரு வாரம் இல்லைன்னா இதை இன்னைக்குத் தோள்ல போட்டுருக்க மாட்டேன்."

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அதே வேலையைப் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன், ஆனால் அரசாங்கம் என்னை விலைவாசியைக் கண்காணிக்க வைத்திருந்ததா, அதற்கு நேரம் தவறாமல் தீனி போட வைத்திருந்ததா என்ற சந்தேகம் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.