பூக்கடைக் குடையும் உச்சி ஓட்டையும்

குடை தைக்கிறவனுக்கு வெயில் ஒரு எதிரி, காற்று ஒரு எதிரி. இரண்டுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்தான் பெரிய எதிரி. வெயிலில் கடை போட்டவர்களே, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

குண்டான்

அந்த பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அஞ்சலைக்கு நிழல் தந்த மரத்தை ரோடு போடுகிறவர்கள் வெட்டிவிட்டார்கள். என்னிடம் வந்தாள். கெட்டியான கறுப்புத் துணியில், காது வரைக்கும் இறங்குகிற மாதிரி ஆழமாக ஒரு பெரிய குடை தைத்து நட்டேன். ஒரு பொட்டு வெயில் உள்ளே வரவில்லை. உள்ளே ஏறிய சூடும் வெளியே போகவில்லை. பதினோரு மணிக்கே மல்லிகை வெந்து பழுத்துவிட்டது. அந்தப் பக்கம் போன ஒருவர் சட்னி கேட்டதாகக்கூட ஞாபகம்.

அஞ்சலை கூடையை என் முன்னால் வைத்தாள். "இன்னாங்கண்ணா, பூ விக்கக் குடை கேட்டா, இட்லி அவிக்கிற குண்டானைக் கவுத்து வெச்சுக்கீறீங்க?"

ஓட்டை

சூடு மேலேதானே ஏறும்? உச்சியில் தட்டு அகலத்துக்கு ஓட்டை போட்டேன். குடைக்குள் காற்று ஜிலுஜிலுவென்று ஓடியது. ஆனால் ஓட்டை வழியாக வெயிலும் வட்டமாக இறங்கி, கூடையில் மல்லிகை, சாமந்தி, கனகாம்பரம் என்று வரிசையாக நகர்ந்து ஒவ்வொன்றாக வாட்டியது. இரண்டே நாளில் பஸ் ஸ்டாண்டு முழுக்க அதைப் பார்த்துத்தான் மணி சொன்னார்கள். கண்டக்டர் ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார், சத்தியமாக.

அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூ சாயங்காலம் வரை நிற்காவிட்டால், மூத்திரச் சந்து ஓரமாக இருக்கிற புங்கமரத்தடிக்குக் கடையை மாற்றிவிடுவேன் என்றாள். அங்கே நின்று யார் பூ வாங்குவார்கள்? அதற்குள் அந்தக் கண்டக்டர் கத்தினார்: "வெளிச்சம் சாமந்திக்கு வந்துடுச்சு, ரிஷிவந்தியம் வண்டிய எடுங்க!"

குல்லா

வழி கிடைத்தது. ஓட்டைக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு, அதைவிட ஒரு சாண் அகலமாக ஒரு குட்டிக் குடை. வெயிலுக்குத் தடை, காற்றுக்கு வாசல். துணியையும் வெள்ளையாக மாற்றினேன். பலத்த காற்றில் நிற்குமா என்று பார்க்க, கல்வராயன் மலைக்கு எடுத்துப்போய், வெள்ளிமலைச் சந்தையில் சாமை விற்கிற ஆண்டி என்பவரிடம் கொடுத்தேன்.

நல்ல மனுஷர். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், தையல் விட்டுப்போயிருக்கிறதென்று அந்த இடைவெளியைக் கோணி ஊசியால் சுற்றிலும் தைத்து மூடிவிட்டார். மலைக்காற்று அடித்தது. போக வழியில்லாத காற்று குடையைத் தூக்கியது; காம்பைப் பிடித்திருந்த ஆண்டியையும் தூக்கியது. சங்கராபுரம் வரை பறந்தார் என்றால் நம்பமாட்டீர்கள்; பாதி மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், கையில் சாமைப் படியோடு ஒரு புதர்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"பறக்கிற குடைன்னா முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? படியைக் கீழ வெச்சுட்டு ஏறியிருப்பேனே!"

வெள்ளிக்கிழமை

ஆண்டியின் தையலைப் பிரித்துவிட்டு, அதே குடையை அஞ்சலைக்கு நட்டேன். பன்னிரண்டு மணி, மல்லிகை மொட்டாகவே இருந்தது. இரண்டு மணி, அப்படியே இருந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனால், அஞ்சலையைக் காணவில்லை. எலவனாசூர்கோட்டை பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் குடைக்குள் புகுந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பஸ் வந்தும் ஒருவரும் ஏறவில்லை. கடைக்காரி வெளியே, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில்.

புங்கமரத்துக்குத்தான் போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கூட்டத்துக்குள் முழங்கையை விட்டு நுழைந்து, ஸ்டூல்மேல் ஏறி நின்று, பூப்பந்தைத் தூக்கிப் பிடித்தாள். "ஒரு முழம் வாங்கினவங்க நிழல்ல நில்லுங்க, மத்தவங்க வெயில்ல நின்னுக்கினு யோசனை பண்ணுங்க!" மூன்றரைக்கெல்லாம் கூடை காலி.

இத்தனை வருஷம் குடை தைத்து நான் கற்றது இவ்வளவுதான்: சூட்டுக்கு வழி விட்டால் அது மரியாதையாகப் போய்விடும், மனுஷனுக்கு நிழல் விட்டால் அவன் லேசில் போகமாட்டான்.