சகலையின் ஒன்பதாவது கார்க்

என் தகரப் பெட்டியில் ஒரு குரங்குக் குல்லா இருக்கிறது. சாம்பல் நிறக் கம்பளி. காதை மூடும் இடத்தில் பூச்சி அரித்த இரண்டு ஓட்டைகள். நான் அதை ஒருநாளும் தலையில் போட்டதில்லை. உள்ளே கையை விட்டால் கறுப்புத் தலை வைத்த ஒரு கார்க் அகப்படும். அதில் பேனாவால் என் சகலையின் பெயரும் அதன் கீழே முப்பது என்ற எண்ணும் எழுதியிருக்கும். சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். கார்க் அவருடையது. அவர் வீட்டு ஷோகேஸில் வரிசையாக நின்ற ஒன்பதில் கடைசியை நான் எடுத்து வந்தேன். எடுத்து வந்தேன் என்பதைவிடத் திருடினேன் என்பது சரி.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அதன்பின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஏறி, மகாராஷ்டிரம், ராஜஸ்தான், கோவா என்று பாறையைத் துளைத்துக்கொண்டே திரிந்தேன். வண்டிக்கு அடியில் தூங்கினோம். இடது கைச் சுண்டுவிரலில் பாதி, குழாய் மாட்டும்போது போயிற்று. குடித்தேன், பிறகு விட்டேன். கல்யாணத்துக்குப் பின் மூன்று முறை சொல்லாமல் ஊரை விட்டுப் போயிருக்கிறேன். மூன்று முறையும் என் மனைவியும் மகளும் பெரியநாயக்கன்பாளையத்தில் சகலை வீட்டில்தான் இருந்தார்கள். அவர் ஒரு லேத்துப் பட்டறையில் சூப்பர்வைசர். பீடி, சிகரெட், சாராயம் எதையும் தொடாதவர். என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர். அவள் முதலில் விழுந்ததும் அவர் வாசலில்தான். நான் திரும்பி வந்தபோது அவள் கையை விட்டு ஓட்டிக் காட்டினாள், "பெரியப்பா சொல்லிக் குடுத்தாங்க" என்று. நான் கைதட்டினேன். உள்ளே எரிந்தது எனக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் முறை திரும்பியபின் சரவணம்பட்டியில் ஒரு வேலை கிடைத்தது. மலையில் தேயிலைத் தோட்ட மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும் ஓர் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. ஐயாவுக்குக் கார் ஓட்ட வேண்டும், கடைக்குப் போக வேண்டும். இவற்றைத் தவிர மாதத்தில் இரண்டு ஞாயிறு மதியம் வேறொரு வேலை இருந்தது. கணபதியில் பம்புசெட்டுப் பட்டறை வைத்திருந்த முதலாளி ஒருவரும், ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் ஒருவரும் அன்று சாப்பிட வருவார்கள். சாப்பாடு முடிந்ததும் போர்ட் ஒயின். திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே பிராந்தியைச் சேர்த்து, இனிப்பு போகாமல் நிறுத்தி, மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் ஊறப்போடுவது அது. பத்து வருடம், இருபது, முப்பது, நாற்பது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். பட்டறை முதலாளியின் மகனும் வெளிநாட்டில், வரும்போதெல்லாம் வாங்கி வருவான். அலமாரி நிறைய இருந்தது.

ஆட்டம் இதுதான். நான் சமையலறைக்குப் போய் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுப்பேன். எதை எடுக்கிறேன் என்று ஐயாவுக்கும் தெரியாது. அவர் மலையில் போட்டிருந்த குரங்குக் குல்லாவைப் பாட்டிலுக்கு மாட்டி, கழுத்துவரை இழுத்துவிட்டு, கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றுவேன். அவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மோந்து, குடித்து, எத்தனை வருடத்துச் சரக்கு என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு அன்றைய கார்க் சொந்தம். பிறகு நான் குல்லாவைக் கழற்றுவேன். பாட்டில் மேசையில் இடப்பக்கமாகவே கைமாறிச் சுற்றும். யாராவது பேச்சு மும்முரத்தில் அதைத் தன் முன்னாலேயே நிறுத்திக்கொண்டால், பாட்டிலைத் தள்ளுங்கள் என்று கேட்கக் கூடாது. அது மரியாதை இல்லையாம். "ஏனுங்க, உங்க ஊருப் பக்கம் மழைங்களா?" என்றுதான் கேட்க வேண்டும். புரிந்தவர் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவார்.

ஊற்றுகிறவனுக்கு விடை தெரியும். அதனால் அவன் ஆட்டத்தில் இல்லை. ஆனால் கிளாஸ் கழுவும் முன் பாட்டிலின் அடியில் நிற்பதை ஒரு கரண்டியில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு கரண்டிதான். பத்து வருடத்தில் பழத்தின் திமிர் இருக்கும். இருபதில் வறுத்த வேர்க்கடலை வாசம். நாற்பதில் பழம் போய், காய்ச்சி ஆறின கருப்பட்டிப் பாகும் ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த மரப்பெட்டியும். மேசையில் இருப்பவர்கள் தப்புத்தப்பாகச் சொல்லும்போது எனக்கு வாய் பரபரக்கும். ஒருமுறை ஐயாவிடம் கேட்டேன். "ஒரு நாளைக்கு நானும் சொல்லிப் பாக்கறனுங்களே?" அவர் சிரித்தார். "நீ சொல்லப் போயிட்டா ஊத்தறது யாரு தம்பி?" அதுவும் நியாயம்தான். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஊற்றினேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ரகசியம் ஒன்றுதான்.

அப்படியொரு ஞாயிறு, சகலை தன் புதுவீட்டுப் பத்திரிகையைக் கொடுக்க மாடியேறி வந்தார். பத்திரிகையை என் வீட்டிலேயே கொடுத்திருக்கலாம். ஐயா யாரையும் நிற்கவைத்துப் பேசுகிறவர் அல்ல, உட்காரச் சொன்னார். சகலை, "எனக்கு அந்தப் பழக்கம் இல்லீங்க" என்றார். "குடிக்க வேண்டாமுங்க, மோந்து மட்டும் சொல்லுங்க" என்று மாட்டு டாக்டர் கிளாஸைக் கையில் திணித்தார். சகலை அதை மூக்கருகே பிடித்தபடி, "இருவதுங்களா?" என்றார். இருபதேதான். மேசை ஓவென்று கூவியது. "நாப்பது வருசமா மாடுகளப் பாக்கறனுங்க, ஒண்ணுகூட இப்படி மோந்து பாத்ததில்லீங்க" என்றார் டாக்டர். அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், பாட்டில் சகலை முன்னால் நின்றுபோய், முதலாளி மழைங்களா என்று கேட்டபோது, அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "போன வாரம் நல்ல மழைங்க, கெணத்துல நாலடி ஏறியிருக்குதுங்க, ஆனா மேக்க மட்டும்..." என்று விளக்க ஆரம்பித்ததுதான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய் நிம்மதியாகச் சிரித்தேன்.

அதோடு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை. அவரை வரச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தார். அடுத்த இரண்டு மூன்று தடவை தப்பாகச் சொன்னார். பிறகு தப்பவே இல்லை. நாக்கில் ஒரு சொட்டுப் படாமல், மூக்கால் மட்டும். நான்காவது நாற்காலி என்று ஒன்று அந்த மேசைக்கு வந்தது. நான்தான் அதை உள்ளறையிலிருந்து தூக்கிப் போட்டேன். என் சகலைக்கு நான் ஊற்ற, குடிக்காத அவர் கார்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். போர்ட்டைக் கரண்டியால் படித்தவன் நான், கார்க் அவருக்கு.

அவர் வீட்டு ஷோகேஸில், என் மகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் கார்க்குகள் ஒவ்வொன்றாக ஏறின. அந்தக் கோப்பையும் அங்கேதான் இருந்தது. அவளைப் பள்ளிக்கு அனுப்பியது அந்த வீடுதானே. என் மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள், "மாமா தொட்டதெல்லாம் கைகூடுது பாருங்க" என்று. ஒன்பதாவது கார்க் ஏறிய வாரம், எல்லோரும் சமையலறையில் இருந்தபோது அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அதை முகர்ந்து பார்த்தேன். முப்பது வருடச் சரக்கு. எனக்கும் தெரிந்தது. யாரிடம் சொல்வது?

அதற்கு அடுத்த ஞாயிறு ஐயாவுக்குப் பிறந்தநாள். முதல் நாள்தான் கார் ரேடியேட்டர் மூடியை அவசரத்தில் திறந்து வலது கையைச் சுட்டுக்கொண்டிருந்தேன். மணிக்கட்டுவரை கட்டு. நான் பாட்டிலைத் தேர்ந்தெடுத்துக் குல்லாவை ஒரு கையால் மாட்டிக் கொடுக்க, பட்டறை முதலாளி ஊற்றினார். நாற்பது வருடம். மூவரும் முப்பது என்றார்கள். எல்லாக் கண்ணும் சகலை மேல். அவர் கிளாஸை மூக்கருகே பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்தார். முதலாளியின் கையைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார். "தெரீலீங்க" என்றார்.

"அட, சும்மா சொல்லுங்க!" என்றார் முதலாளி.

"பத்துங்களா?"

மேசை வெடித்துச் சிரித்தது. "மூக்குல சளிங்களா?" என்றார் டாக்டர். குல்லாவைக் கழற்றிப் பாட்டிலைச் சகலை முன்னால் வைத்தேன். அவர் தலை குனிந்தபடியே இருந்தார். பாட்டில் அங்கேயே நின்றது. அந்த மேசையில் நான் கேட்கப்படாமல் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான். "ஏனுங்க சகல, உங்க ஊருப் பக்கம் மழைங்களா?"

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. சகலை நிமிர்ந்து, "பெய்யறாப்பல இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லி, பாட்டிலை இடப்பக்கம் தள்ளினார். என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. ரிக் வண்டியில் தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்போது வருமே, அந்தச் சந்தோஷம்.

கீழே வண்டி நிறுத்தும் இடம்வரை அவருடன் போனேன். தோற்ற முகத்தைக் கொஞ்சம் கூடப் பார்க்கலாம் என்றுதான் போனேன். அவர் என் கட்டைப் பார்த்து, "எரிச்சல் இருக்குதுங்களா?" என்றார். பிறகு சாவியைத் திருகாமலே பேசினார்.

"எனக்கு வாசமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க சகல. பட்டறை ஆயில்ல ஊறுன மூக்கு இது. மொத நாளு குருட்டாம்போக்குல சொன்னது. அப்பறம் உங்க கையத்தான் பாத்துச் சொன்னனுங்க."

எனக்குப் புரியவில்லை.

"பத்து வருசம்னா ஒத்தக் கைல ஊத்தறீங்க. இருவதுன்னா எடது கை பாட்டிலுக்கு அடியில வருது. முப்பதுன்னா மணிக்கட்டத் தொடுது. நாப்பதுன்னா முழங்கைக்குப் போயிருதுங்க, பெரியவங்களுக்குத் தட்டு குடுக்கறாப்பல. அந்த அரை வெரலு நல்லாத் தெரியுமுங்க."

ஒரு வருடமாக முகத்தைக் கல்லாக வைத்திருந்தேன். கையைப் பற்றி யோசிக்கவே இல்லை. "எல்லாரும் கிளாஸப் பாக்கறப்ப நீங்க ஏன் என்ற கையப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"கை நடுங்குதான்னு பாத்துட்டு வரச்சொல்லி உங்க ஊட்டு அம்மணிதான் அனுப்புச்சுங்க. குடி புழங்கற ஊட்டுல வேலைக்குச் சேந்துட்டீங்களே, மறுக்கா ஆரம்பிச்சுட்டா கொளந்த கதி என்னன்னு அக்காளும் தங்கச்சியும் ஒரே அழுகை. பத்திரிக்கை ஒரு சாக்குங்க. ஒரு நாளும் நடுங்கலீங்க. அத ஊட்டுல சொல்லிச் சொல்லித்தான் வந்தேன். இன்னைக்குக் கட்டப் பாத்ததும் மனசே சரியில்லீங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை உளவு பார்த்திருக்கிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது. கோபம் நின்ற பிறகும் பொறாமை நின்றது, முன்பைவிட அதிகமாகவே. அவருக்கு மூக்கு இருக்கிறது என்று பொறாமைப்பட்டவன், இப்போது அவருக்கு இருந்த கண்ணுக்குப் பொறாமைப்பட்டேன். நான் யாருடைய கையையும் ஒரு வருடம் பார்த்ததில்லை. என் மகளின் கையைக்கூட.

சகலை அதன்பின் வரவில்லை. ஒரு ஞாயிறு ஐயா நாலாவது நாற்காலியைக் காட்டி, "உக்காரு தம்பி, அன்னைக்கு ஒருக்கா கேட்டியே" என்றார். முதலாளி ஊற்றினார். நான் மோந்தேன், குடித்தேன். இருபது என்று நாக்கு சொன்னது. ஆனால் கண் முதலாளியின் கைக்குப் போய்விட்டது. அவர் ஒற்றைக் கையால் அசட்டையாக ஊற்றியிருந்தார். "பத்துங்க" என்றேன். இருபது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஐயா போய்விட்டார். வீட்டைக் காலி செய்ய வந்த மகன், வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அலமாரியில் நான்கு பாட்டில்கள் இருந்தன. நான் குல்லாவை எடுத்துக்கொண்டேன். அதன்பின் லாரி செட், செங்கல் சூளை, இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு பூந்தோட்டம். இந்த முறை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மாதம் ஒருமுறை போய்வருகிறேன்.

போன மாதம் கார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனேன். ஷோகேஸில் எட்டுக் கார்க்குகள், ஒன்பதாவதற்கு விட்ட இடம் அப்படியே. கோப்பையை நகர்த்தி அதை நிரப்பக்கூட இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் கேட்டதில்லை. கல்லூரி முடித்த என் மகள் உள்ளே பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். மேசையில் காபி ஃபிளாஸ்க் இருந்தது. சகலைக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணி தொங்கியது. அதனால் நானே ஊற்றினேன். டம்ளர் பாதி நிறையும்போது அவர் மற்றொரு கண்ணால் எதையோ பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. குனிந்தேன். என் இடது கை முழங்கையில் இருந்தது.

"ஏனுங்க சகல, எனக்கு அத்தன வயசாயிப்போச்சுங்களா?" என்றார்.

நான் கையை எடுக்கவில்லை. டம்ளரை நிரப்பிவிட்டுத்தான் எடுத்தேன். உள்ளிருந்து மகள், "பெரியப்பா, மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று குரல் கொடுத்தாள். சட்டைப் பைக்குப் போன கை அங்கேயே நின்றது. ஓசூர் வந்து பெட்டியைத் திறந்து கார்க்கைப் பழையபடி குல்லாவுக்குள் போட்டேன். அடுத்த மாதம் கொடுக்கலாம்.