ஊர்வலத்தில் பாடாத சிடி

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். அம்மனுக்குத் தெரியாததா என்று தள்ளிப்போட்டே வந்தேன்.

விஸ்வநத்தம் பக்கம் எங்கள் ஊர். பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி விரதமிருந்த நான் கறி தின்றதாக, சித்தப்பா மகன் மாரிச்சாமி கோயிலில் சொல்லிவிட்டான். பச்சைப் பொய். அந்த வருடம் என்னைத் தீச்சட்டி எடுக்க விடவில்லை.

அடுத்த வருடம் அவன் எடுத்தான். கம்ப்யூட்டர் என் வீட்டில்தான் இருந்தது. "பழச மனசுல வச்சுக்காதீகண்ணே. ஊர்வலத்துக்கு அம்மன் பாட்டு சிடி ஒண்ணு போட்டுத் தாங்க" என்று வந்து நின்றான்.

சாதாரண பிளேயரில் பாட ஆடியோ சிடியாகப் பதிய வேண்டும். நான் தெரிந்தே, கம்ப்யூட்டரில் மட்டும் பாடும் எம்பி த்ரீயாகப் பதிந்தேன். கம்ப்யூட்டரில் பாடிக் காட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கிப் போனான்.

அவன் தீச்சட்டியை ஏந்தியதும் ஆட்டோவிலிருந்த பிளேயரில் சிடியைப் போட்டார்கள். சுற்றியது, பாடவில்லை.

"ஏலே மாரி, ஆத்தா வாயவே தொறக்க மாட்டேங்கா, என்னலே செஞ்ச?" என்று கூட்டத்தில் ஒருவர் கேலி செய்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

மாரிச்சாமியின் முகம் வெளுத்தது. கையில் தீயோடு என் முன்னால் வந்தான். "அண்ணன் கறி திங்கல. பொறாமையில நான்தான் பொய் சொன்னேன். ஆத்தா, மன்னிச்சுரு" என்று அழுதான்.

பெண்கள் குலவையிட்டார்கள். "ஆத்தா பேசிட்டா" என்று பூசாரி எனக்குத் திருநீறு பூச வந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் ஒரே வருடத்தில் ஒப்புக்கொண்டான். எனக்கு இத்தனை வருடமாயிற்று.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். என்னை நல்லவனாக்கிவிடாமல், எழுதியிருப்பதை அப்படியே சொல்லுங்கள்.