அவளுடைய கழா நோன்பு

இங்கிலீஷ் படிப்பித்தே சோறு தின்றவன் நான். 'ஃபீபிள்' என்ற சொல்லுக்குப் பலவீனம், நலிவு என்று எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது, அங்கே அதற்கு 'அழத்தக்கது' என்று பொருள், பிரெஞ்சு வழியாக வந்து தேய்ந்துதான் இப்படியானது என்பதை ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடித்த அகராதியில் பார்த்தேன். யார் கேட்டார்கள் அந்த லத்தீனை? எரிச்சலோடு மூடி வைத்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில், எங்கள் பக்கத்து வழக்கப்படி, மனைவி வீட்டில்தான் குடியிருந்தேன். அவளுக்கு இருதய வருத்தம். ரமழான் நோன்பு தொடங்கச் சற்று முன்னர் டொக்டர் அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில் கதைத்தார். இருதயம் மிகவும் ஃபீபிள், இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, என்ன கருத்து என்று கேட்டாள். களைப்பு என்றேன். இந்த முறை நோன்பை விடு, விட்டதை உடம்பு தேறியதும் கழாவாகப் பிடிக்கலாம் என்றும் சொன்னேன். நம்பினாள். மழைகாலத்தில் பிடித்தால் தாகம் தெரியாது என்று திட்டம்கூடப் போட்டாள்.

அவளுடைய தாயான மாமிக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர் மார்க்கத்தில் கொஞ்சமும் பிசகாதவர். சுகமாகும் நம்பிக்கை உள்ள நோயாளி, விட்ட நோன்பைப் பிறகு பிடிக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவருக்குக் கழா இல்லை. ஒவ்வொரு நோன்புக்கும் ஏழைக்கு அரிசி கொடுக்க வேண்டும். அதுதான் பித்யா. மகள் நோன்புக் குறையோடு மவுத்தாகிவிடக் கூடாது என்று அந்தத் தாய்க்குப் பயம். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவள் உறங்குகிறாள் என்று நினைத்து, குசினியில் அளவுச் சுண்டை எடுத்து அரிசி அளக்கத் தொடங்கினார். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள். சின்ன வயதிலேயே ஓதிப் படித்தவளுக்கு அந்த அரிசி எதற்கென்று யாரும் சொல்லத் தேவையில்லை. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் மெல்ல உட்கார்ந்து, சுளகை இழுத்துக் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

"கல்லோட குடுத்தா வாங்குற ஆக்கள் ஏசுவாங்க உம்மா."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எனக்குக் கழா இல்ல, என்ன? அந்த டொக்டர் சொன்ன சொல்லுக்கு இப்பயாவது சரியான கருத்தச் சொல்லுங்க."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கருத்துச் சொன்னவன் நான். அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து, அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"ஓம், விளங்கிட்டு," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் சுளகின் மேல் குனிந்தாள்.

அந்த வருஷத்து மழைக்கு அவள் இருக்கவில்லை.