எரிந்த கட்சிக்கு மைக் கிடைத்தது

போன வாரம் ஒரு மேடையில் தோற்றுப்போனேன். தோற்கடித்தது யார் என்கிறீர்களா? சொல்கிறேன்... அதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது என் மனைவி தமிழரசியின் ஊர். மாசி பிறந்தால் அங்கே காமன் பண்டிகை. தவத்தில் இருந்த சிவன் மேல் மன்மதன் மலர் அம்பு விட்டான். அவர் நெற்றிக்கண்ணைத் திறந்தார். ஆள் சாம்பல்! பிறகு ரதி அழுது கேட்டதும் உயிர் திரும்பியது. கதை அவ்வளவுதான். ஆனால் அவன் நிஜமாகவே எரிந்தானா, இல்லையா? இதற்கு ஊர் இரண்டாகப் பிரிந்துகொள்ளும் — எரிந்த கட்சி, எரியாத கட்சி. சில ஊர்களில் பாட்டாகவே மோதிக்கொள்வார்கள். இங்கே மைக் பிடித்துப் பேச்சு.

மைத்துனன் குமரேசன்தான் விழாக் கமிட்டி. போன் செய்தான்.

"மாமா, இந்த வருஷம் எரியாத கட்சிக்கு நீங்கதான். வாராவாரம் எழுதுறவரு... பேச மாட்டீங்களா?"

பேச மாட்டேனா? அரியலூர் வீட்டில் நாலு நாள் அறைக்குள் உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினேன்.

பண்டிகையன்று சாயங்காலம் ஐந்து மணி. கோயில் திடலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. நடுவர், தமிழரசியின் பெரியப்பா. எரிந்த கட்சிக்குப் பேச வேண்டியவர் உள்ளூர்ப் பள்ளியின் தமிழாசிரியர். வந்தார். வணங்கினார். வாயைத் திறந்தார் — காற்றுதான் வந்தது. முதல் நாள் பள்ளி விளையாட்டு விழாவில் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதாம். சைகையில் சொன்னார்.

இப்போது என்ன செய்வது? பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்: "நம்ம தமிழு பேசட்டுமே!"

"அய்யோ, எனக்கு அதெல்லாம் வராது, ஆளை விடுங்க" என்றாள் தமிழரசி.

அவள் சொன்னதோடு விஷயம் முடிந்திருக்கும். நான்தான் மைக்கில், "வரச் சொல்லுங்க. பயப்பட வேணாம், கொஞ்சம் விட்டுக்கொடுத்தே பேசுறேன்" என்றேன்.

எழுந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த நடையை எனக்குத் தெரியும். அரிசியில் வண்டு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டுக் கடைக்காரரைப் பார்க்கப் போகிற நடை அது.

முதலில் நான். ஊரைச் சுற்றி முந்திரி பூத்திருக்கிறதே, யார் வேலை? பஸ்ஸில் ஜன்னலோரம் யாரோ யாருக்கோ இடம் போட்டு வைக்கிறார்களே, யார் வேலை? மன்மதன் எரியவே இல்லை! கைதட்டல் காதை அடைத்தது.

அடுத்து அவள். மைக்கில் முதலில் வந்தது இருமல். தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. இவரு பேசுனது அவ்வளவும் அழகு. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நாலு நாளு எனக்குக் காய்ச்சல் அடிச்சுது. பக்கத்து ரூம்ல இவரு மன்மதனைப் பத்தி எழுதிட்டிருந்தாரு. நான் இருமுனேன். 'கதவைச் சாத்திக்கிட்டு இருமேன், மன்மதன் வர்ற நேரத்துல கெடுக்கிறியே'ன்னாரு."

பெண்கள் பக்கம் விசில். ஆமாம், விசில்தான்.

"எங்க வூட்ல மன்மதன் எரிஞ்சு சாம்பலாயிட்டான். அந்தச் சாம்பலையும் நான்தாங்க கூட்டி அள்ளுனேன். வணக்கம்."

திடலே குலுங்கியது. எனக்கோ காது சுட்டது. 'அப்படியா சொன்னேன்?' என்று யோசித்தேன். சொல்லியிருக்கிறேன். மெடிக்கலுக்குக்கூட அவளேதான் நடந்து போய் மாத்திரை வாங்கி வந்தாள். உலகத்துக் காதலையெல்லாம் எழுத உட்காருகிறவனுக்குப் பக்கத்து அறை இருமல் தொந்தரவாகத்தான் கேட்கிறது, பார்த்தீர்களா?

"எரியாத கட்சி பதில் சொல்லணும்" என்றார் பெரியப்பா.

எழுந்தேன். கையில் ஏழு பக்கம். ஒரு வரிகூடப் பயன்படாது.

"இப்ப... காய்ச்சல் எப்படியிருக்கு?"

மைக்கை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். ஸ்பீக்கர் வழியாக ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது.

"நேத்தே விட்டுடுச்சுங்க" என்றாள் அவளும் மைக்கில்.

சிரிப்பு அடங்கவே இல்லை. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை.

"எரிஞ்ச கட்சி ஜெயிச்சுது. மாப்ள, பேப்பரை மடிச்சு வையுங்க" என்று தீர்ப்புச் சொன்னார் பெரியப்பா.

மறுநாள் காலையில் அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் ஜெயங்கொண்டத்துக்கு டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

"எத்தனை நாளா இருமல்?" என்றார் டாக்டர்.

அவளுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "அஞ்சு நாளுங்க."

"ஆறு" என்றாள் தமிழரசி. ஆனால், என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு நாள்தானே குறைச்சல்?

நேற்று குமரேசன் பேசினான். அடுத்த வருஷம் எரிந்த கட்சியில் பேச இப்போதே ஆறு பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்களாம். எரியாத கட்சிக்கு? ஊரில் ஒரு ஆண் சிக்கவில்லை. யாரைக் கேட்டாலும், அன்றைக்கு வெளியூரில் முக்கியமான வேலை இருக்கிறது என்கிறார்களாம்.

தேதி இன்னும் முடிவே ஆகவில்லை.